மனஸ்தாபம் என்னும் சொல்

"எங்களுக்கும் அவையளுக்கும் கொஞ்சம் மனஸ்தாபம்" என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொன்னால், இரு வீட்டாருக்கும் பேச்சு நின்றுவிட்டது என்று பொருள். முறை அறுந்துவிட்டது என்று பொருளல்ல. உறவில்லாதவரிடையே மனஸ்தாபம் வருவதில்லை. பழைய கத்தோலிக்க ஞானோபதேசம் இதே சொல்லைத்தான் பாவத்துக்காக வருந்துவதற்கு எடுத்துக்கொண்டது. தண்டனைக்கு அஞ்சி வருந்துவது அடிமை மனஸ்தாபம். அன்பு செய்த ஆண்டவரை நோகச் செய்தோமே என்று வருந்துவது உத்தம மனஸ்தாபம். நமது தீவுப்பகுதிக் கத்தோலிக்கருக்கு ஒரு காலத்தில் இந்த வேறுபாடு வாழ்க்கைப் பிரச்சினையாகவே இருந்தது.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானது. தீவுகளிலும் கோயில்கள் எழுந்தன. மக்கள் குருவின் காதில் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறப் பழகினர். பாவசங்கீர்த்தனம் என்பது அதன் பெயர். தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களுள் ஒன்றே, அன்றீக்கு அடிகளார் 1580இல் கொச்சியில் அச்சிட்ட பாவசங்கீர்த்தனக் கையேடுதான்.

1658இல் ஒல்லாந்தர் வந்தனர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் இன்றும் வழங்குகிறது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் சீர்திருத்தத் திருச்சபையின் பள்ளித் தோம்பில் பதியப்பட வேண்டும். பதியாவிட்டால் பிள்ளைகளின் முதுசத்துக்கு இடைஞ்சல்.

பிள்ளையின் காணிக்காக ஒல்லாந்தர் கோயிலில் பெயர் பதிந்துவிட்டு, இரவில் செபமாலையை எடுக்கும் ஒரு குடும்பத்தலைவனை எண்ணிப் பாருங்கள். சாவான பாவம் தேவ இஷ்டப்பிரசாதத்தைக் கொன்றுவிடும் என்று அவன் படித்திருக்கிறான். மன்னிப்புக் கூறும் குருவோ கடலுக்கு அப்பால். அப்படியானால் இறைவனின் வாசல் மூடிவிட்டதா?

ஒல்லாந்தப் போதகரின் விடை எளிது: கிறிஸ்து ஒருவரே நடுவர், அவரிடம் நேரே அறிக்கையிடு, குரு வேண்டாம். இதை இலேசான விடை என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் 1551இல் திரெந்து சங்கம் கூறிய விடை வேறு. உத்தம மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனத்துக்கு முன்பே மனிதனை இறைவனோடு ஒப்புரவாக்கும். எனினும் அதைப் பெறவேண்டும் என்ற ஆசை அந்த மனஸ்தாபத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். எனவே குரு வரும்வரை இறைவன் காத்திருக்கவில்லை. காத்திருக்க வேண்டியவன் மனிதன். அந்தக் காத்திருப்பே அவன் உறவின் அடையாளம்.

அந்தக் காத்திருப்பு மெய்யாகவே இருந்தது என்பதற்கு 1687 சாட்சி. அவ்வாண்டு கோவாவைச் சேர்ந்த யோசப்வாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில், நோயுற்ற உடம்போடு யாழ்ப்பாணம் வந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகச் சென்று, அதைக் கண்டுகொள்வோரைத் தேடினார். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்தனர். இரவுகளில் பூசையும் பாவசங்கீர்த்தனமும் நடந்தன. 29 ஆண்டுகளுக்குப் பிறகு!

இங்கே எனக்கு ஒன்று தோன்றுகிறது. அச்சம் மட்டுமே அம்மக்களை நடத்தியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத நரகத்தைவிடக் கண்முன் நின்ற தூக்குமரமே அவர்களைப் பெரிதும் அச்சுறுத்தியிருக்கும். எந்தக் கதவும் திறந்திராது. கதவு திறந்தது உத்தம மனஸ்தாபத்தால்.

அடிகளார் சார்ந்த சபை புனித பிலிப்பு நேரியின் வழிவந்தது. அல்லைப்பிட்டிக் கோயில் அப்புனிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அடிகளாரும் 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

ஞானஸ்நான முத்திரை அழியாதது என்கிறது திருச்சபை. பாவம் பேச்சை நிறுத்தும், வீட்டின் சந்தோஷத்தைப் பறிக்கும், வாசலைத் தாண்டவும் கூசவைக்கும். ஆனால் பிள்ளை என்ற முறையை அதனால் அழிக்க முடியாது. குருவற்ற அந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்கள் இதை நம்பியே 29 ஆண்டுகளைக் கடந்தார்கள் என்பது என் துணிபு.