அடுப்புக்கும் காற்றாடிக்கும் அரசாங்கம் கொடுத்த கை

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

லண்டன் பக்கம் இருக்கும் என் தங்கை மகன் குடும்பக் குரூப்பில் ஒரு போட்டோ போட்டிருந்தான். வீட்டுச் சுவருக்கு வெளியே ஏசி பெட்டி மாதிரி ஒன்று. "பெரியம்மா, இது வீட்டைச் சூடாக்குற மெஷின். பழைய கேஸ் பாய்லரை எடுத்துட்டு இதை வெச்சா கவர்ன்மென்ட் 7,500 பவுண்ட் தருது. நம்ம ஊர்ல இப்படி எல்லாம் உண்டா?" என்று கேட்டிருந்தான். நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நின்றால் போதுமே, சூடாக்க மெஷின் எதற்கு என்று ஒருத்தி எழுதினாள்.

உண்டு தம்பி. உங்கள் நாட்டில் அந்தத் திட்டம் 2022-இல்தான் வந்தது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டு நெருப்புக்கும் வீட்டுக் காற்றுக்கும் அரசாங்கம் காசு கொடுக்கத் தொடங்கி நாற்பது வருஷம் ஆகிறது. நாம் அதை மானியம் என்போம், இலவசம் என்போம், விலையில்லா என்போம்.

முதலில் அடுப்பு. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த அடுப்படியைச் சொன்னால் புரியாது. பருத்திமார், சோளத்தட்டை, எருவாட்டி, மலையடிவாரத்தில் பொறுக்கி வந்த சுள்ளி. இவைதான் எரிபொருள். கையில் ஊதாங்குழல். ஓட்டுச் சந்து வழியாகப் புகை போனால் உண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே சுற்றும். என் அம்மாவின் கண் எப்போதும் சிவந்திருக்கும். அவர் இருமலை நாங்கள் பனி இருமல் என்றே சொல்லி வந்தோம், கோடையிலும். விறகில் இருக்கும் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் பானைக்குப் போகும். மீதி எல்லாம் வீண்.

இதை மாற்ற நினைத்தவர்கள் முன்பே இருந்தார்கள். ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்து எழுதிய புத்தகம் 1953-இல் நம் சென்னையில்தான் அச்சானது. ஆனால் அரசாங்கம் பெரிய அளவில் இறங்கியது 1980-களின் நடுவில். தேசிய அளவில் புகையில்லா அடுப்புத் திட்டம் வந்தது. பயிற்சி பெற்ற ஆள் வீட்டுக்கு வந்து, இரண்டு பானை வைக்கிற மாதிரி அடுப்பு போட்டு, குழாய் வைத்துக் கூரைக்கு மேலே விட்டுவிட்டுப் போவார். செலவில் பெரும்பகுதி மானியம். நான் அப்போது ஒன்றியப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகளிடம் "உங்க வீட்ல புகையில்லா அடுப்பு இருக்கா?" என்று கேட்டால் பாதி வகுப்பு கை தூக்கும். "அதுலதான் சமைக்கிறாங்களா?" என்றால் கைகள் மெல்ல இறங்கும்.

ஏன் இறங்கியது என்பதுதான் விஷயம். அந்த அடுப்பின் வாய் குறுகல். விறகைச் சின்னச் சின்னதாகப் பிளக்க வேண்டும், பிளப்பது யார்? அதே பொம்பளைதான். குழாயில் கரி அடைத்துக்கொள்ளும், மாதம் ஒரு தரம் இடித்துச் சுத்தம் பண்ண வேண்டும். கூரை வீட்டில் குழாய் போன ஓட்டை வழியாக ஐப்பசி மழை உள்ளே வரும். களி கிண்டும் பெரிய பானை அந்தக் குழியில் உட்காராது. அடுப்பு விரிசல் விட்டால் கட்டியவர் திரும்பி வரமாட்டார். அவருக்குக் கூலி புது அடுப்புக்குத்தான், பழைய அடுப்பைப் பார்ப்பதற்கு இல்லை. 2002-இல் திட்டத்தை மூடும்போது நாடு முழுக்கச் சுமார் மூன்றரைக் கோடி அடுப்பு கட்டியிருந்தார்கள். கட்டிய கணக்கு அது. எரிந்த கணக்கு வேறு.

பள்ளத்தாக்கில் புகையை உண்மையில் குறைத்தது கேஸ். 2006 தேர்தலில் கலர் டிவியோடு சேர்த்துச் சொன்ன வாக்குறுதி, கலைஞர் ஆட்சியில் 2007 முதல் ஏழை வீடுகளுக்கு அடுப்பும் இணைப்பும் இலவசமாக வந்தது. டிவியைப் பற்றி இன்றுவரை பேசுகிறார்கள், கேஸ் அடுப்பைப் பற்றிப் பேச ஆளில்லை. எனக்குக் கேட்டால் அந்த ஆட்சியின் நல்ல காரியங்களில் அது ஒன்று. 2016-இல் மத்திய அரசின் உஜ்வாலா வந்தபோது, ஒரு இணைப்புக்கு 1,600 ரூபாய் கொடுத்தார்கள். வட மாநிலங்கள் அப்போதுதான் தொடங்கின. நாம் பாதிக்கு மேல் கடந்திருந்தோம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 2015-16-இல் தமிழ்நாட்டில் 73 சதவீத வீடுகள் சுத்தமான எரிபொருளில் சமைத்தன; 2019-21-இல் கிட்டத்தட்ட 83. நாடு முழுவதற்கும் அப்போது 59-க்குப் பக்கம்.

ஆனால் இங்கேயும் அதே கதைதான் கொஞ்சம் வேறு வேஷத்தில். அடுப்பு இலவசம், சிலிண்டர் இலவசமில்லை. மானியம் பேங்க் கணக்குக்கு வரும் முறை 2015-இல் நாடு முழுக்க வந்தது. 2020-இல் சிலிண்டர் விலை இறங்கிய சாக்கில் பெரும்பாலானவர்களுக்கு அது நின்றது. விலை ஏறியபோது பழையபடி திரும்பி வரவில்லை. பிறகு உஜ்வாலா வீடுகளுக்கு மட்டும் 2022-இல் 200 ரூபாய், 2023-இல் 300 ரூபாய் என்று கொடுத்தார்கள். கடமலைக்குண்டு, வருசநாடு பக்கம் போனால் பாருங்கள். திண்ணையில் விறகு அடுக்கியிருக்கும், உள்ளே கேஸ் அடுப்பு துணி போட்டு மூடியிருக்கும். விருந்தாளிக்கு டீ போட மட்டும் கேஸ்.

இனி காற்று. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், ஜெயலலிதா அம்மையார் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் விலையில்லாமல் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். மேஜை மேல் வைக்கிற காற்றாடி. பல வீடுகளுக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் காற்றாடி. அதைக் கேலி பேசியவர்களை எனக்குப் பிடிக்காது. தகரக் கூரைக்கு அடியில் மே மாதம் பிள்ளையைத் தூங்க வைத்துப் பார்த்தவர்கள் கேலி பேசமாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், காற்றாடி வந்த நேரத்தில் கரண்ட் இல்லை. 2012-ஐ மறந்திருக்கமாட்டீர்கள். சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வெட்டு. லோயர் கேம்பில் பெரியாற்றுத் தண்ணீர் விழுந்து கரண்ட் ஆகிறது, ஆண்டிபட்டிப் பக்கம் ஆடிக்காற்றில் காற்றாலை சுற்றுகிறது, நடுவில் இருக்கும் நம் வீட்டில் பனையோலை விசிறி!

வெட்டு ஒழிந்தபின் 2016 மே மாதம் பதவியேற்ற அன்றே, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கையெழுத்துப் போட்டார். வீடுகளில் கூரைக் காற்றாடிகள் பெருகின. இங்கேதான் லண்டன் மெஷினுக்கும் நமக்கும் உள்ள முடிச்சு.

வெளிநாட்டு அரசுகள் ஏன் நல்ல மெஷினுக்குத் தள்ளுபடி கொடுக்கின்றன? தர்மத்துக்கு இல்லை. 1973-இல் எண்ணெய் விலை எகிறிய பிறகு அமெரிக்கர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள்: இன்னொரு மின்நிலையம் கட்டுவதைவிட, மக்கள் வீட்டில் கரண்டை மிச்சம் பிடிக்கச் செய்வது மலிவு. டெல்லியில்கூட மின்சாரக் கம்பெனிகள் பழைய ஏசியைக் கொடுத்தால் புதியதைத் தள்ளுபடியில் தருகின்றன.

நம் நாட்டில் இதை ஒருமுறை பிரமாதமாகச் செய்தோம். எல்.இ.டி. பல்பு. மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டதில், 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. சுமார் 36 கோடி பல்பு விற்றது. அதே திட்டத்தில் காற்றாடியும் இருந்தது, பாதிப் பேருக்குத் தெரியாது. 75 வாட் இழுக்கும் பழைய ஃபேனுக்குப் பதில் 50 வாட். அது விற்றது சுமார் 23 லட்சம்தான். பல்பு எங்கே, ஃபேன் எங்கே! 2023-இல் ஒரு கோடி பி.எல்.டி.சி. காற்றாடி கொடுப்போம் என்று புதிதாக அறிவித்தார்கள். அந்த வகை 30 வாட்டில் அதே காற்று தரும். விலைதான் சாதா காற்றாடியைவிட ஏறக்குறைய இரட்டை.

கரும்பலகைக்கு வாருங்கள். வித்தியாசம் 45 வாட். மார்கழிக் குளிரைக் கழித்து வருஷத்துக்கு 300 நாள், தினம் 10 மணி நேரம் ஓடினால் ஒரு காற்றாடிக்கு 135 யூனிட் மிச்சம். சின்னமனூரில் மாடி வீடு, மூன்று ஃபேன், ஃபிரிட்ஜ், ஏசி என்று 500 யூனிட்டைத் தொடும் வீட்டுக்கு இது நல்ல காசு. அவர்கள் தாமே வாங்கிக்கொள்வார்கள். ஆனால் 100 யூனிட்டுக்குள் நிற்கும் காலனி வீட்டுக்கு ஒரு பைசா லாபமில்லை, ஏனென்றால் பில்லே பூஜ்யம். அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் அரசாங்கத்தின் காசு. அப்படியானால் அந்த வீட்டுக் காற்றாடியை மாற்றித் தர வேண்டியது யார்?

ஒரு கோடி வீட்டில் ஒரே ஒரு ஃபேன் மாற்றினால் வருஷத்துக்கு 135 கோடி யூனிட். லோயர் கேம்ப் நிலையம் 1958 முதல் 1965 வரை நான்கு இயந்திரங்களாக 140 மெகாவாட்டில் அமைந்தது. அந்த நான்கும் அன்றைய அந்தத் திறனில் ஒரு நாள்கூட நிற்காமல் முழு வேகத்தில் வருஷம் பூராவும் சுற்றியிருந்தால் கிடைத்திருப்பது 122 கோடி யூனிட் சொச்சம். அணையில் தண்ணீர் இருக்கும் மாதங்களில்தான் அவை சுற்றும் என்பது நமக்குத் தெரிந்ததே.

மாற்றிக் கொடுக்கும்போது ரிப்பேருக்கு ஆளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பி.எல்.டி.சி.யில் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை போனால் நம் ஊர் மோட்டார் வைண்டிங் கடைக்காரர் கையை விரிக்கிறார். 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகளில் சோலார் விளக்கின் பேட்டரி தீர்ந்த பிறகு மாற்ற ஆளில்லாமல், அந்தப் பலகை மேல் துணி காயப்போட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் நாலு பேராவது இதைப் படிப்பீர்கள். பெருக்கல் சரிதானா என்று பார்த்துவிட்டு, நம் மாவட்டத்தில் 100 யூனிட்டுக்குள் நிற்கும் இணைப்பு எத்தனை என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள்.