கடலூர்த் துணி: வரியா, கோட்டாவா?

வெளிநாட்டுப் பொருள் உள்ளே வருவதைக் குறைக்க அரசுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று இறக்குமதி வரி. மற்றொன்று, இவ்வளவுதான் வரலாம் என்று அளவு கட்டும் கோட்டா. நிறைவுப் போட்டி இருந்தால் இரண்டின் விளைவும் ஒன்றே என்கிறது பாடப்புத்தகம். அந்தப் போட்டி இல்லாத இடத்தில்?

1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கம்பெனிக்கு வேண்டியது துணி. சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிக்கு லண்டனில் அவ்வளவு மோகம்! அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள்.

1700-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. சாயமிட்ட, அச்சிட்ட இந்தியத் துணியை உள்நாட்டில் விற்கத் தடை. மறு ஏற்றுமதிக்கு மட்டும் அனுமதி. தடை என்பது அளவு பூஜ்ஜியமான கோட்டாதான். வெள்ளைத் துணிக்கோ 15 சதவீத வரி மட்டுமே.

என்ன நடந்தது? வெள்ளைத் துணி வரியைக் கட்டிவிட்டுத் தொடர்ந்து போனது. லண்டன் அச்சுப்பட்டறைகள் அதில் பூப்போட்டு விற்றன. நம் கரையின் நெசவாளிக்கு அந்தச் சந்தையில் கதவு பாதி திறந்திருந்தது. சாயக்காரருக்கும் சித்திரம் தீட்டியவருக்கும் முழுவதும் மூடிவிட்டது. 1721-இல் வந்த இரண்டாவது சட்டம், அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே பெரும்பாலும் தடுத்தது.

இந்த வேறுபாட்டின் இன்னொரு பக்கத்தை 1965-இல் பொருளியல் அறிஞர் ஜகதீஷ் பகவதி விளக்கினார். உள்நாட்டில் முற்றுரிமையாளர் ஒருவர் இருக்கிறார். உலக விலை 100 ரூபாய், வரி 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 120-க்கு மேல் கேட்டால் மக்கள் இறக்குமதிப் பொருளை வாங்கிவிடுவார்கள். கோட்டாவில் அந்தப் பயம் இல்லை. அனுமதித்த அளவு தீர்ந்ததும் மீதிச் சந்தை முழுவதும் அவர் கையில். உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்றலாம்.

சுதந்திர இந்தியாவின் கார் சந்தையும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. இறக்குமதிக்குக் கதவடைப்பு, உள்ளே அம்பாசிடர், பத்மினி, சென்னையின் ஸ்டாண்டர்ட் என்று சில பெயர்கள்தான். பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். உலக வர்த்தக அமைப்பில் தோற்ற பிறகு, 2001 ஏப்ரல் 1-இல் எஞ்சிய 715 பொருள்களின் அளவுக் கட்டுப்பாட்டை இந்தியா நீக்கி, வரிக்கு மாறியது.

வரி சுமைதான். ஆனாலும் வாங்குபவருக்கு வேறு கடைக்குப் போகும் வழியை அது விட்டுவைக்கிறது. கோட்டா அந்த வழியை அடைத்து, சாவியை உள்ளே இருக்கும் வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறது.