வெண்டா, சோங்கா சிற்பங்களும் காட்சிக்கூடமும்

தென்னாப்பிரிக்க நாட்டின் வடகோடியில், லிம்போப்போ ஆற்றுக்குத் தெற்கே, வெண்டா, சோங்கா என்னும் இரு மக்களினத்தார் நெடுங்காலமாக அண்டை அயலாராய் வாழ்ந்து வருகின்றனர். இவர்தம் மரச்சிற்பங்களும் மட்கலங்களும் காட்சிக்கூடங்களில் 'மரபுக் கலை' என்னும் பெயரால் வைக்கப்பெற்று விலைபோகின்றன. இக்கூடங்கள் கலைஞர் சிலர்க்குப் புகழும் பொருளும் தேடித் தந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும், 'மரபு' என்னும் சொல் ஆங்கு எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பது ஆராயத்தக்கது.

முதற்கண் இப்பொருள்களின் பழைய பயனை நோக்குவோம். வெண்டா மகளிர் மணத்திற்கு முன் பயிலும் சடங்குப் பள்ளிக்கு 'டோம்பா' என்பது பெயர். ஆங்கு மரத்தாலும் மண்ணாலும் இயன்ற உருவங்களைக் காட்டி இல்லற ஒழுக்கம் கற்பிப்பர். அரைக்கோள வடிவினதாய், ஒருபுறம் மட்டும் தோல் போர்த்த 'ங்கோமா' முரசு தலைவர்தம் மனையில் பெருமதிப்புப் பெற்றது. சோங்கா மக்களின் மரத் தலையணையோ, உரியவன் வாழுங்கால் அவன் தலையைத் தாங்கியது. அவன் மறைந்தபின் முன்னோர் நினைவைத் தாங்கியது. பயன்பட்ட இடத்தினின்றும் பெயர்க்கப்பட்ட பொருளில் வடிவம் எஞ்சும். அதன் உட்கருத்து எளிதில் எஞ்சாது.

விற்பனைக்கென்று செதுக்குதலும் புதிய வழக்கமன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் மொசாம்பிக்கிலிருந்து நேட்டாலுக்குத் தொழில் நாடிச் சென்ற சோங்கா மக்களுட் சிலர், ஊன்றுகோல்களை ஐரோப்பியர்க்கு விற்கச் செதுக்கினர். அவற்றுட் பல 'சூலு' மக்களின் கலைப்பொருள்கள் என்னும் பெயருடன் கடல் கடந்தன. அவை சோங்கா கைவினை என்பதைப் பிற்கால ஆராய்ச்சியே புலப்படுத்தியது. வாங்கியவர் இட்ட பெயர் செய்தவர் பெயரை நெடுங்காலம் மறைத்து நின்றது.

இனப்பெயர்களும் அரசியற் சார்பு அற்றன அல்ல. நிறவெறி அரசு கலந்து வாழ்ந்த இவ்விரு மக்களையும் பிரித்துக் குடிபெயர்த்தது. சோங்கா மக்களுக்கெனக் கசன்குலு 1973இல் தன்னாட்சிப் பகுதி ஆக்கப்பட்டது. வெண்டா 1979இல் 'விடுதலை' பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்விடுதலையை உலக நாடுகள் ஏற்கவில்லை. 1994இல் இரண்டும் தென்னாப்பிரிக்காவோடு மீண்டும் இணைந்தன. எல்லை அழிந்தும், கலைப்பொருளின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு அவ்வெல்லையை இன்றும் நினைவூட்டுகின்றது.

இச்சிற்பிகள் நகரத்தார்க்கு அறிமுகமானது, 1985இல் ஜோகன்னஸ்பர்க்கில் ரிக்கி பர்னட் அமைத்த கண்காட்சியால் ஆகும். 1988இல் அந்நகரக் கலைக்கூடத்தில் நிகழ்ந்த கண்காட்சியோ 'புறக்கணிக்கப்பட்ட மரபு' என்றே பெயர் பெற்றது. எனினும், புகழ் பெற்றோர் மரபைக் கடந்தவராதல் எண்ணத்தக்கது. மண் வனைதல் மகளிர்க்கும், மரம் செதுக்குதல் ஆடவர்க்கும் உரியன என்பது வெண்டா வழக்கு. 1938இல் பிறந்த நோரியா மபாசா என்னும் அம்மையார் மண்ணுருவங்களில் தொடங்கி, அவ்வழக்கை மீறிப் பெருமரங்களைச் செதுக்கினார்.

சோங்கா சிற்பி ஜாக்சன் ஹ்லுங்வானி (1923–2010) வரலாறு இதனினும் ஆழ்ந்த வினாவை எழுப்புவது. சமய குருவாகிய அவர், ம்போக்கோட்டா என்னும் ஊரின் குன்றின்மேல் கற்களை அடுக்கி, 'புதிய எருசலேம்' எனத் தாம் அழைத்த வழிபாட்டிடத்தை அமைத்தார். ஆங்கு நின்ற மரச்சிற்பங்கள் அவர்தம் அருளுரையின் உறுப்புக்களாக விளங்கின. புகழ் பரவவே, அவற்றுட் பல குன்றினின்று இறங்கிக் கூடங்களைச் சேர்ந்தன. கூடத்திற் காண்போர் சிற்பத்தைக் காண்கின்றனர். அதனைச் சூழ்ந்த கற்சுவரையும், அதனருகே ஒலித்த உரையையும் அறியார். குன்றோ தன் உருவங்களை இழந்து நின்றது.

இதனால் கூடங்கள் வேண்டாதன என முடிவுகொள்ளுதல் பொருந்தாது. அவை இன்றேல் பல உருவங்கள் கரையானுக்கு இரையாகியிருக்கும். பல சிற்பிகள் பெயரின்றி மறைந்திருப்பர். ஆனால் பொருளைக் காத்தல் கூடத்தின் கடமையிற் பாதியே. செய்தவர் யார், எவ்வூரில் எதற்காகச் செய்தனர், எவ்வழியாக இங்கு வந்தது என்பனவற்றைப் பொருளோடு சேர்த்துக் காத்தலே மறுபாதி. இவற்றை எழுதாது 'மரபு' என்னும் ஒரு சொல்லை மட்டும் எழுதிவைக்கும் கூடம், தான் காக்க முயலும் வரலாற்றையே அழித்தற்குத் துணைபோகின்றது எனலாம்.