முயலும் உடும்பும்: சங்கச் செய்யுட்களிற் சிறுவேட்டையும் பங்கீடும்

சங்க இலக்கியத்து வேட்டையைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதனை வீரத்தின் ஓர் அங்கமாகவே நோக்கியுள்ளனர். வேழமும் புலியும் பன்றியுமே அவர்தம் கவனத்தை ஈர்த்தன. ஆயின் வன்புலத்து மக்களின் அன்றாட உணவில் முயல், உடும்பு, முள்ளம்பன்றி முதலிய சிற்றுயிர்கள் பெற்ற இடம் போதியளவு ஆராயப்படவில்லை. அவை எவ்வாறு பிடிக்கப்பட்டன, எவ்வாறு பகிரப்பட்டன என்னும் வினாக்கள் வீரயுகம் பற்றிய நமது கணிப்பைச் செம்மைப்படுத்த வல்லன.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை எயினரது வேட்டையைப் படிமுறையாகக் காட்டுகிறது. நீருண்ண வரும் பன்றியை எதிர்நோக்கி அவர்கள் நள்ளிரவிற் குழிகளுள் மறைந்திருப்பர். அவ்வேட்டை பொய்ப்பின், பகலில் நாய்களுடன் புதர்களை அடித்துக் கலைத்து, வலைகளைத் தொடராகக் கட்டி, தப்பிச்செல்ல வழியின்றிக் குறுமுயல்களை வளைத்துப் பிடிப்பர். பிடித்தவற்றைக் காட்டிலேயே கூடியுண்பர். புதரடிக்கச் சிலர், வலைகாக்கச் சிலர் எனப் பல கைகள் இணைந்தாலன்றி இவ்வேட்டை கைகூடாது. உழைப்புக் கூட்டானது, ஆதலின் நுகர்வும் கூட்டாயிற்று. இக்கூடியுண்ணலை அறப்பண்பின் வெளிப்பாடாகக் கொள்வதிலும் உற்பத்தி முறையின் விளைவாகக் கொள்வதே பொருத்தமுடைத்து.

புறநானூற்றின் 325ஆம் செய்யுள் இதனை மேலும் தெளிவாக்குகிறது. பசு உண்டு எஞ்சிய குழியைத் தோண்டி, ஊறும் கலங்கல் நீரை முறைவைத்துக் குடிக்கும் ஊர் அது. முள்ளம்பன்றியைக் கொன்ற ஆடவர் உடும்பின் நிணத்தையும் அறுத்து, சிறுகுடிலின் முற்றத்திற் கூறுபோடும் பொருட்டுத் தீயில் வாட்டுகின்றனர். அதன் மணம் தெருவெங்கும் பரவுகிறது. நீருக்கு முறை, இறைச்சிக்குக் கூறு. பற்றாக்குறையே இங்கு பங்கீட்டை விதியாக்கியுள்ளது. புராதன பொதுமையை வளம்மிக்க பொற்காலமாகக் கற்பிப்போர் இக்கலங்கல் நீரை மறந்துவிடுகின்றனர்.

326ஆம் செய்யுளில் நிலைமை வேறு. வேட்டுவச் சிறுவர் தோட்டத்திற் பிடித்த உடும்பின் கொழுப்பைத் தயிர்க்கூழிலிட்டுச் சமைத்து, மனைவி பாணருக்கும் விருந்தினருக்கும் படைக்கிறாள். கணவனோ போரில் வென்ற யானையின் பொன் நெற்றிப்பட்டத்தைப் பரிசிலாக வழங்குபவன். அடுப்பிலுள்ளது தோட்டத்து உடும்பு. கொடையிலுள்ளது போர்க்களத்துப் பொன். விருந்து சிறுவரதும் பெண்ணினதும் உழைப்பிலும், புகழ் ஆடவனின் போரிலும் தங்கியுள்ளன. கூறுபெறும் உரிமையுடைய சுற்றத்தாரை இச்செய்யுள் காட்டவில்லை. விருந்தும் பரிசிலும் பெறும் பாணரையே காட்டுகிறது.

இரு செய்யுட்களும் ஊர்த்தலைவனைப் புகழ எழுந்தவை. தொகையில் அவை அடுத்தடுத்து நிற்பதைக் கொண்டு காலவரிசை வகுத்தல் தவறாகும். எனினும் கூறும் கொடையும் அருகருகே நிலவிய ஒரு சமுதாயத்தை அவை உணர்த்துகின்றன. கா. சிவத்தம்பி 1974இல் திணைக் கோட்பாட்டை ஆராய்ந்து வலியுறுத்திய சமனற்ற வளர்ச்சிக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும். கொடையை மட்டும் கண்டு வியக்கும் ஆய்வு, வலைபிடித்த கைகளையும் கூழ் சமைத்த கைகளையும் வரலாற்றிலிருந்து விலக்கிவிடுகிறது. சங்ககாலச் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் அக்குடிலின் முற்றத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.