ஆமூர் மல்லனும் கிங்காங்கும்

புறநானூற்றின் 80ஆம் பாட்டைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் அனைவரும் போரவைக் கோப்பெருநற்கிள்ளியை அறிவர். மார்பில் ஒரு மண்டி, முதுகில் ஒரு கால் என அவன் ஆமூர் மல்லனை மடக்கிய காட்சியைச் சாத்தந்தையார் கண்முன் நிறுத்துகிறார். ஆனால் மடங்கிய மல்லனின் பெயர் என்ன? ஊர்ப்பெயர் ஒன்றே எஞ்சியது. தோற்றவன் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

இக்கேள்வி எழுந்த போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் கிங்காங். மேரு வட்டாரத் தோட்டத்தில் பால் வெட்டிய என் தந்தையார், முதுமையிலும் அப்பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பார். சோறு உண்ண மறுத்த எங்களைக் 'கிங்காங் வருவான்' என்றே அச்சுறுத்தினார்கள். அப்படி ஒரு மனிதர் மெய்யாகவே வாழ்ந்தார் என்பதை நான் வளர்ந்த பின்னரே அறிந்தேன்.

அவருடைய இயற்பெயர் எமில் சாயா. 1909இல், அன்று அங்கேரி அரசின் கீழிருந்து இன்று ருமேனியாவைச் சேர்ந்த பிராசோவ் நகரில் பிறந்தவர். 1933இல் வந்த அமெரிக்கப் படத்தின் பெருங்குரங்கின் பெயரே அவருக்கு மேடைப்பெயராயிற்று. எடை 400 இராத்தல் என்பது விளம்பரக் கணக்கு. இந்தியாவில் பெயரெடுத்துப் பின்னர்ச் சிங்கப்பூரை இருப்பிடமாகக் கொண்டு கிழக்காசியா முழுதும் மற்போர் புரிந்தார். 1955இல் டோக்கியோவில், டைகர் ஜோகிந்தர் சிங்குடன் இணைந்து ஆசிய இரட்டையர் பட்டம் வென்றார். அதே நவம்பரில் ஒற்றையர் பட்டத்துக்கான போரில் ஜப்பானியரின் தெய்வமாகிய ரிக்கிடோசானிடம் தோற்றார்.

தோற்பதும் அவர் தொழில் என்பதை ஈண்டு மறைக்க வேண்டியதில்லை. தொழில்முறை மற்போரில் முடிவு பெரும்பாலும் முன்னரே பேசப்பட்டது. நடுவர் திரும்பிய கணத்தில் எதிரியின் கண்ணைக் குத்துவதும், கயிற்றில் வைத்துக் கழுத்தை நெரிப்பதும், வசைபாடும் மக்களை நோக்கிப் பல்லிளிப்பதும் தீயவனாக வருபவன் செய்ய வேண்டிய வேலைகள். அவன் வீழ்வதைக் காணவே மக்கள் காசு கொடுத்தார்கள். அத்துணைப் பருத்த உடலைத் தலைக்குமேல் தூக்குவதைக் கண்டு ஆர்ப்பரித்தோர் ஒன்றை எண்ணிப் பார்த்ததில்லை: தூக்கப்படுபவன் தன் உடலை இசைவாகக் கொடுக்காவிடில், எவனாலும் அவனைத் தூக்கவும் இயலாது, முதுகெலும்பு முறியாமல் இறக்கவும் இயலாது.

இவ்வாறு அவர் எதிர்நின்று உயர்த்தியவர்களுள் முதன்மையானவர் தாராசிங். பஞ்சாபிலிருந்து 1940களின் இறுதியில் சிங்கப்பூருக்கு வந்து, பீப்பாய் ஆலையில் வேலை செய்துகொண்டே கிரேட் வோர்ல்ட் அரங்கில் ஹர்நாம் சிங்கிடம் பயின்றவர். நம் கோலாலம்பூரிலேதான் தர்லோக் சிங்கை வென்று மலாயா வீரர் எனப் பெயர் பெற்றார். கிங்காங்கோடு அவர் மோதிய போட்டிகள் பல நகரங்களில் கூட்டத்தை இழுத்தன. 1962இல் 'கிங்காங்' என்றே ஓர் இந்திப் படம் வந்தது. தாராசிங் கதாநாயகர், கிங்காங்கும் அதில் தோன்றினார். 1987இல் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக வந்த தாராசிங்கை இல்லந்தோறும் கைகூப்பி வணங்கினார்கள். ஒருவருக்குக் குரங்கின் பெயர் பழியாயிற்று. மற்றவருக்கு வானர வேடம் திருவாயிற்று!

கிங்காங் அதைக் காண இருக்கவில்லை. அறுபதை எட்டியும் மேடையை விடாதவர், சிங்கப்பூருக்குத் திரும்பும் வழியில் கார் விபத்தில் சிக்கி, 1970 மே மாதத்தில் உயிர் நீத்தார்.

அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் எமில் சாயா யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கிங்காங் யார் என்றதும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. 'பெரிய குரங்கு, ஐயா' என்றான் முன்வரிசைச் சிறுவன்.