பனிப்பாதை 11: பாதிரியார் வீட்டுப் பையன்

ஆர்க்டிக் பயணி க்னுட் ராஸ்முசனை இந்த வாரம் அலாஸ்காவின் நோம் நகருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதாகப் போன இதழில் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தபோது ஒரு கேள்வி வழிமறித்துவிட்டது. 1921 முதல் 1924 வரை ஹட்சன் விரிகுடா தொடங்கி அலாஸ்கா வரைக்கும் போன இடமெல்லாம் இனுயிட் மக்கள் இவரைத் தங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதை சொன்னார்கள். மந்திரப் பாட்டுகளைக்கூட எடுத்துக் கொடுத்தார்கள். மற்ற வெள்ளைக்காரர்களுக்குக் கிடைக்காத இந்த உபசாரம் இவருக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? துணிச்சல், தலைமைப் பண்பு என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துணிச்சல்காரர்கள் அந்தப் பனியில் ஏராளமாகச் செத்திருக்கிறார்கள். விடை அவர் பிறந்த வீட்டின் அடுக்களையில் இருக்கிறது.

அந்த வீடு கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், அன்று யாகோப்ஸ்ஹவன் என்றும் இன்று இலுலிசாட் என்றும் அழைக்கப்படும் ஊரில் இருந்தது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, 69 பாகை வடக்கு. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி 13 வாக்கில்தான் மறுபடி தலைகாட்டும். அன்று ஊரே குன்றேறி நின்று வரவேற்கும். அந்தக் காலத்தில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல் வந்தது கோடையில் மட்டும். மற்ற மாதங்களில் வெளியுலகத்தில் ராஜா மாறினாலும் ஊருக்குத் தெரியாது. ஊருக்குத் தெற்கே பனியாறு ஒன்று கடலில் வந்து விழுகிறது. அதிலிருந்து உடைந்த பனிமலைகள் வாசலுக்கு எதிரே மிதந்துகொண்டிருக்கும். 1879 ஜூன் 7ஆம் தேதி க்னுட் பிறந்த அந்தக் குருமனை இன்று அருங்காட்சியகமாகிவிட்டது.

இந்தப் பனிக்காட்டில் டேனிஷ் பாதிரியாருக்கு என்ன வேலை என்று கேட்டால், பதில் நம் தரங்கம்பாடி வழியாகத்தான் வருகிறது. 1706இல் சீகன்பால்கைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய அதே டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவில்தான் 1721இல் மிஷனரி ஹான்ஸ் எகடே கிரீன்லாந்தில் இறங்கினார். 1714இல் கோபன்ஹேகனில் அமைத்த மிஷன் சபை, காவிரி முகத்துவாரத்தையும் பனிக்கடல் ஓரத்தையும் சேர்த்தே நிர்வகித்தது. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது 1715இல். கிரீன்லாந்து மொழியில் அது வர 1766 ஆயிற்று. அதைச் செய்தவர் ஹான்ஸின் மகன் பவுல் எகடே. 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுக் கைகழுவிய டென்மார்க், கிரீன்லாந்தை மட்டும் விடவில்லை.

க்னுட்டின் அப்பா கிறிஸ்தியான் ராஸ்முசன் அந்த மிஷன் பரம்பரையில் வந்த லுத்தரன் போதகர். கிரீன்லாந்து மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதினார். கடல் உறைந்தால் நாய்வண்டி, உருகினால் படகு என்று சபை மக்களைத் தேடிப் போய்க்கொண்டே இருப்பார். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் அவருக்கு அந்த மொழி படித்து வந்தது. அம்மா லோவிசா ஃப்ளைஷருக்கோ பிறப்பிலேயே வந்தது. வியாபார நிலைய அதிகாரி குடும்பத்துப் பெண், தாய்வழியில் இனுயிட் ரத்தம். பையன் அம்மா பக்கம் சாய்ந்தான். வேட்டைக்காரர்களும் பெண்களும் வந்து போகும் வீட்டில் தரையில் உட்கார்ந்து கதை கேட்டு வளர்ந்தான்.

வாசலுக்கு வந்தால் நாய்கள். ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் பூட்டுவதில்லை. ஒவ்வொரு நாய்க்கும் தனி வார். விசிறி விரித்தாற்போல ஓடும். காட்டு மரங்கள் இல்லாத உறைந்த கடலில் அதுதான் தோது. பத்து நாயும் ஒன்றையொன்று தாண்டித் தாண்டி ஓடுவதில் வார்கள் சடையாகப் பின்னிக்கொள்ளும். வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றிவிட்டு, நாய்க் கழிவும் பனியும் சேர்ந்து உறைந்துபோன அந்தச் சீல்தோல் வாரை வெறும் விரலால் சிக்கெடுக்க வேண்டும். நாய்கள் அதற்குள் சண்டை போடும். இந்த வேலையைப் பள்ளி வயதிலேயே பழகிய பையன் அவன். பின்னாளில் லண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வந்த மாவீரர்கள் நாற்பது வயதில் காசு கொடுத்துக் கற்க முயன்று தோற்றதும் இதே வேலையில்தான்.

ஊரில் ஒரு கிழவி சொல்வாள்: வடக்கே, உலகம் முடிகிற இடத்தில், கரடித்தோல் உடுத்திப் பச்சை மாமிசம் தின்னும் ஜனங்கள் இருக்கிறார்கள் என்று. கட்டுக்கதை இல்லை. மெல்வில் வளைகுடாவுக்கு அப்பால் வாழ்ந்த அந்த மக்களை 1818இல் கடலோடி ஜான் ராஸ் சந்தித்திருந்தார். டென்மார்க்கின் நிர்வாகம் அந்த வளைகுடாவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. பையன் மனதில் அந்தக் கதை ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு வயது வாக்கில் படிப்புக்காக டென்மார்க்குக்குப் போனான். படிப்பில் சுமார். நடிகனாகப் பார்த்தான், ஓபரா பாடப் பார்த்தான். எதுவும் கைகூடவில்லை. நல்லதாகப் போயிற்று.

1902இல் பத்திரிகைக்காரர் மிலியுஸ் எரிக்சன் 'இலக்கியப் பயணம்' என்று ஒன்றைக் கிளப்பியபோது க்னுட் சேர்ந்துகொண்டார். கூடவே யோர்கன் ப்ரோன்லுண்டும். இந்த யோர்கனைச் சொல்லாமல் நோம் போக எனக்கு மனமில்லை. அதே இலுலிசாட்காரர், க்னுட்டின் பால்ய சிநேகிதர், முழு கிரீன்லாந்துக்காரர், உபதேசியார் படிப்பு முடித்தவர். மெல்வில் வளைகுடாவைக் கடந்து, கிழவி சொன்ன ஜனங்களை 1903இல் இருவரும் நேரில் பார்த்தார்கள்.

மிலியுஸ் எரிக்சனுக்கு அதோடு ஆசை அடங்கவில்லை. 1906இல் வடகிழக்குக் கரைக்கு இன்னொரு பயணம். யோர்கன் போனார், க்னுட் போகவில்லை. அவர்கள் கையில் இருந்தது அமெரிக்கர் ராபர்ட் பியரி வரைந்த வரைபடம். வடக்கே ஒரு கடற்கால் நிலத்தைப் பிளக்கிறது என்று பியரி போட்டிருந்தார். அப்படி ஒரு கடற்காலே கிடையாது. இல்லாததைத் தேடித் தேடி 1907 கோடையை எரிக்சன், ஹேகன், யோர்கன் மூவரும் தொலைத்தார்கள். பனி உருகிவிட்டது, திரும்ப வழியில்லை. எரிக்சனும் ஹேகனும் நவம்பரில் முதலில் இறந்தார்கள். யோர்கன் மட்டும் உறைந்த காலோடு லாம்பர்ட் நிலத்து உணவுக் கிடங்கு வரை வந்து இறந்தார். 1908இல் அதே பயணக் குழுவின் கோக்கும் டோபியாஸ் கப்ரியல்சனும் உடலைக் கண்டெடுத்தபோது ஹேகனின் வரைபடங்களும் யோர்கனின் நாட்குறிப்பும் பத்திரமாக இருந்தன. நாட்குறிப்பைத் தன் மொழியில் எழுதிவந்தவர், கடைசிக் குறிப்பை மட்டும் டேனிஷில் எழுதியிருந்தார். தேடி வருபவனுக்குப் படிக்கத் தெரிய வேண்டுமே.

பியரியை வீரர் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அதே வடக்கு மக்கள் கத்திக்கு இரும்பு எடுத்துவந்த விண்கற்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர். 1897இல் அவர்களில் ஆறு பேரை நியூயார்க் கூட்டிப்போனார், நால்வர் சீக்கிரமே இறந்தார்கள். அதில் கிசுக் என்பவரின் எலும்புக்கூடு அருங்காட்சியகத்துக்குப் போனது. மகன் மினிக்கிடம் அடக்கம் செய்துவிட்டதாக நாடகம் ஆடினார்கள். என் கணக்கில் யோர்கன் சாவிலும் அவருக்குப் பங்கு உண்டு.

க்னுட் மேடையேறிப் பியரியைத் திட்டவில்லை. 1910இல் நண்பர் பீட்டர் ஃப்ராய்ச்சனோடு துலே என்ற வியாபார நிலையத்தை அந்த வடக்கு மக்கள் நடுவிலேயே தொடங்கினார். 1912இல் இருவரும் இரண்டு இனுயிட் வேட்டைக்காரர்களோடு கிரீன்லாந்தின் உட்பனியைக் குறுக்கே கடந்து மறுகரைக்குப் போய்ப் பார்த்தார்கள். கடற்கால் இல்லை, நிலம்தான். முதல் துலே பயணம் என்று அதற்குப் பெயர். நோம் வரை போனது ஐந்தாவது. அது அடுத்த வாரம்.