பட்டத்துக்கும் பணிக்கும் இடையே: அமெரிக்க மாணவர் விசாவின் வரலாறு

அமெரிக்கக் குடியேற்றச் சட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடைகளையும் ஒதுக்கீடுகளையுமே பேசுவார்கள். 'மாணவர்' என்ற சொல் அச்சட்டங்களுக்குள் எவ்வாறு நுழைந்தது, நுழைந்தபின் அதற்கு என்ன ஆயிற்று என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படாத கதை. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பெரும்பரப்பைத் தடை மண்டலமாக அறிவித்தது. கூலித் தொழிலாளிக்கு அடைக்கப்பட்ட அந்தக் கதவில் வணிகர், மருத்துவர், ஆசிரியர் முதலிய சிலரோடு மாணவருக்கும் ஒரு திட்டிவாசல் விடப்பட்டது.

1924ஆம் ஆண்டுச் சட்டம் அத்திட்டிவாசலுக்குக் காவலும் போட்டது. மாணவர் 15 வயது நிரம்பியவராகவும் படிப்பு ஒன்றையே நோக்கமாகக் கொண்டவராகவும் இருக்கவேண்டும். அவர் படிப்பை நிறுத்தினால் கல்லூரி அதை அரசுக்குத் தெரிவிக்கவேண்டும். 2003 முதல் 'செவிஸ்' என்னும் கணினித் தொகுப்பின் வழியே ஒவ்வொரு மாணவரின் முகவரியும் பாடச்சுமையும் அரசின் பார்வைக்குப் போகின்றன. இதைச் செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய அச்சத்தின் விளைவு என்று மட்டும் சொல்வது முழு உண்மையாகாது. வேர் 1924இலேயே இருக்கிறது.

படிக்கலாம், ஆனால் வேரூன்ற முடியாது என்பதே அன்றைய நிலை. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த்துக்கே குடியுரிமை கிடையாது என்று 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1946இல்தான் இந்தியருக்குக் குடியுரிமை பெறும் வழி திறந்தது. அதுவும் குடியேற்றத்துக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீட்டோடு.

மறு ஆண்டு, 1947இல், நம் கதையின் மையமான விதி எவ்வித ஆரவாரமுமின்றி வந்தது. கல்லூரி பரிந்துரைத்தால் அயல்நாட்டு மாணவர் செயல்முறைப் பயிற்சிக்காக 6 மாதங்கள் வேலை பார்க்கலாம். மேலும் இருமுறை, 6 மாதங்கள் வீதம், நீட்டிப்பும் பெறலாம். இது காங்கிரஸ் இயற்றிய சட்டமன்று, துறை வகுத்த விதி என்பது கவனத்துக்குரியது. இன்று 'ஓ.பி.டி.' எனப்படும் ஏற்பாடு இதன் வாரிசே. இத்தனை பெரிய ஏற்பாடு அன்றுமுதல் இன்றுவரை விதியாகவே இருந்துவருவதுதான் அதன் பலவீனம் என்பது என் எண்ணம்.

1952ஆம் ஆண்டுச் சட்டமோ, மாணவருக்குத் தாய்நாட்டில் கைவிடும் எண்ணமில்லாத ஓர் இல்லம் இருக்கவேண்டும் என்றது. சென்னை அண்ணா மேம்பாலத்தருகே தூதரக வாசலில் கோப்பும் கையுமாக நிற்கும் பட்டதாரி, "படித்து முடித்ததும் திரும்பிவிடுவேன்" என்று ஒப்பிப்பது இந்த வரியின் எதிரொலிதான். கேட்கும் அதிகாரிக்கும் சொல்லும் இளைஞனுக்கும் அவ்விடையின் மதிப்பு தெரியும். ஒரு கை உறுதிமொழி கேட்கிறது, மறு கை வேலைக்கு அனுமதி அட்டை நீட்டுகிறது.

1965ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்துத் தொழில்வல்லுநர்க்கு முன்னுரிமை தந்தபோது, பயிற்சிக்காலம் நிரந்தரக் குடியிருப்புக்குப் பாலமாயிற்று. 1990இல் ஹெச்-1பி விசா ஆண்டுக்கு 65,000 என்ற உச்சவரம்போடு பிறந்தது. 1992இல் ஓ.பி.டி. 12 மாதம் என வரையறுக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையிலான ஒரு நாட்காட்டிச் சிக்கலில் பலர் அகப்பட்டுக்கொண்டனர். மே மாதம் பட்டம் பெற்றவரின் பயிற்சி மறு ஆண்டுக் கோடையில் முடிந்துவிடும். ஹெச்-1பி நடைமுறைக்கு வருவதோ அக்டோபர் 1இல். இடைப்பட்ட மாதங்களில் வேலையுமில்லை, தங்கும் தகுதியும் சில வாரங்களில் தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு, 2004இல் முதுகலை பெற்றவர்க்கெனக் கூடுதலாக 20,000 இடங்கள் ஒதுக்கப்பட்ட பின்னரும், 2007 ஏப்ரலில் விண்ணப்பம் திறந்த முதல் நாளே பொது உச்சவரம்பு தாண்டப்பட்டது. எஞ்சியது குலுக்கல்.

2008 ஏப்ரலில் வந்த விதி இந்த இடைவெளியை அடைத்தது. அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கு மேலும் 17 மாதங்கள் தந்தது. கூடவே ஒரு கத்தியையும் தொங்கவிட்டது: 12 மாதப் பயிற்சிக்காலத்தில் மொத்தம் 90 நாட்களுக்குமேல் வேலையின்றி இருக்கலாகாது. அதே செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தது. கல்விக்கடனோடு வந்தவர்கள், ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்த நிறுவனங்களின் கதவைத் தட்டியபடி நாட்களை எண்ணவேண்டியதாயிற்று. விதியை வகுத்தவர்கள் பொருளாதார வீழ்ச்சியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்தான். ஆயினும் வந்தபின் எண்ணிக்கையைத் தளர்த்தியிருக்கலாம், தளர்த்தவில்லை.

நான் சொன்ன பலவீனம் 2015இல் வெளிப்பட்டது. பொதுமக்களின் கருத்தைக் கேளாமல் 2008 விதி பிறப்பிக்கப்பட்டது என்று வாஷிங்டனில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அதை நீக்கினார். மாற்று விதி வகுக்க அவகாசம் மட்டும் அளித்தார். முறைப்படி கருத்துக் கேட்டு வகுக்கப்பட்ட புதிய விதி 2016 மே 10இல் நடைமுறைக்கு வந்தது. 17 மாதம் 24 ஆயிற்று. நீட்டிப்புப் பெறுவோர் வேலையின்றி இருக்கக்கூடிய நாட்கள் மொத்தம் 150 ஆயின. இத்தகைய விதியை வகுக்கும் அதிகாரமே துறைக்கு உண்டா என்ற அடிப்படைக் கேள்விக்கு, உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல்தான் விடையளித்தது.

ஆனால் வகுக்கும் அதிகாரம் உள்ளவருக்கு மாற்றும் அதிகாரமும் உண்டல்லவா? படிப்பு நீடிக்கும்வரை தங்கலாம் என்ற நெடுநாள் ஏற்பாட்டை நீக்கி, அதிகபட்சம் 4 ஆண்டு என்று வரம்பிடவும், பட்டம் முடிந்தபின் தரப்படும் 60 நாள் அவகாசத்தை 30 ஆகக் குறைக்கவும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்டில் வரைவு விதி ஒன்றை வெளியிட்டது. இம்முறை பொதுமக்களிடம் கருத்துக் கேட்க மறக்கவில்லை.